வாட்ச் சும்மா காட்டுது

நூற்று நாற்பத்தொன்பது என்று காட்டியது, நான் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் எழுபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது, ஒரு மனுஷனுடைய இதயம் மாடிப்படியில் கால் தவறினவன் மாதிரி இப்படி இறங்குமா, இறங்காது, அப்படியென்றால் வாட்ச்தான் தப்பு, வாட்ச் தப்பு என்றால் அப்பா நன்றாக இருக்கிறார், அப்பா நன்றாக இருக்கிறார் என்றால் குரோம்பேட்டையில் ஏறினதிலிருந்து எனக்கு ஏன் உள்ளங்கை இப்படி வேர்க்கிறது. கோவில்பட்டியில் அப்பா காலை நடை போயிருக்கிறார். இங்கே சென்னையில் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனை வைத்துக்கொண்டு அவருடைய நெஞ்சுத் துடிப்பை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கையில் கட்டியிருக்கிற வாட்ச் அவர் சட்டைப்பையில் இருக்கிற போனுக்குச் சொல்லும், அந்தப் போன் என் போனுக்குச் சொல்லும். ஓட்டப்பந்தயக்காரர்கள் கட்டுகிற வாட்ச். மலை ஏறலாம், கடலில் நீந்தலாம் என்று சொல்லித்தான் கடையில் என் தலையில் கட்டினார்கள். அப்பா மலையும் ஏறுவதில்லை கடலிலும் இறங்குவதில்லை, வீட்டிலிருந்து பள்ளிக்கூட மைதானம், மைதானத்தில் நாலு சுற்று, அப்புறம் டீக்கடை, அப்புறம் வீடு, அவருடைய ஒலிம்பிக்ஸ் அவ்வளவுதான். இப்போது ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டா, தூங்குகிறாரா என்ன, நடந்துகொண்டே தூங்குகிறாரா. பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அம்மாளின் முழங்கை என் இடுப்பில் இடிக்கிறது, நகரலாம் என்றால் நகர இடமில்லை, நூற்று ஐந்து, ஐயோ, ஒரு இடத்தில் நில்லேன், என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பயந்த சுபாவம் கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், பாரிமுனையில் கப்பல் சரக்கு ஆபீஸில் செண்பகவல்லி மேடம் என்றால் சுங்கத்துறைக்காரர்களே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தப் பயம் ஐப்பசியில் வந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அப்பாவுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. வாய்வு என்று ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் வருகிறதா என்று சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்திருக்கிறார் அந்த மகானுபாவர். அம்மா பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் அது வாய்வுதான், வாய்வைத் தவிர வேறு எதற்கும் அங்கே வந்து உட்கார உரிமை கிடையாது. மறுநாள் மதுரையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, எல்லாம் ஆன பிறகு எனக்குப் போன் வருகிறது, "ஒண்ணுமில்லம்மா, சின்ன அடைப்பு, டிராஃபிக் கிளியர் ஆயிட்டு." முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், எதையும் அந்தப் பாஷையில்தான் சொல்வார். நான் அப்போது சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகம் இல்லை. இனிமேல் இவர் வாயை நம்பக்கூடாது, இவர் நெஞ்சையே நேராகக் கேட்டுக்கொள்கிறேன் என்று தோன்றியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் வாட்ச். அம்மாவும் இப்போது ஊரில் இல்லை, ஓசூரில் தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அங்கே போயிருக்கிறாள். அந்த வீட்டில் அவர் தனி. குளியலறையில் விழுந்தால் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை யாருக்கும் தெரியாது. பால்காரர் எத்தனை தடவை தட்டுவார், இரண்டு தடவை தட்டிவிட்டுப் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தொண்ணூற்று மூன்று.

திங்கட்கிழமை ஆரம்பித்தது இந்தக் கூத்து. அதற்கு முன்னால் ஒரு மாசமாக வாட்ச் ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, தூங்கும்போது அறுபது, நடக்கும்போது தொண்ணூறு, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தால் அறுபத்திரண்டு, எனக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். திங்கட்கிழமை காலையில் திடீரென்று நூற்று ஐம்பத்தைந்து. அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டால், டீ குடிச்சிட்டிருக்கேம்மா என்கிறார். வாட்ச்சைக் கழற்றிக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். அடிப்பக்கம் ஒரு பச்சை வெளிச்சம் எரியும், அது தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத்தான் எண்ணுகிறது, அதற்கும் தோலுக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. "விபூதி இருக்கும்மா" என்றார். குளித்துவிட்டு நெற்றியில் பூசுகிற கையோடு மணிக்கட்டிலும் மூன்று கோடு இழுத்துக்கொண்டு, அதற்கு மேலேயே வாட்ச்சைக் கட்டியிருக்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம், கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன், அவர் போர்வைக்குள்ளிருந்து, முருகனே உங்கப்பா நாடியை மறைச்சிட்டாராக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். செவ்வாய்க்கிழமை விபூதி இல்லை, மறுபடியும் நூற்று அறுபது. இறுக்கிக் கட்டுங்கள் என்றேன். எலும்புக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள் என்றேன். புதன்கிழமை வலது கைக்கு மாற்றச் சொன்னேன், தேங்காயெண்ணெய் பூசாதீர்கள் என்றேன், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன், பதினைந்து நிமிஷம் போனில் அதற்கே ஆனது, எந்தப் பொத்தானை அமுக்கினாரோ வாட்ச் நீச்சல் ஆரம்பம் என்று சொல்லிவிட்டது. நேற்று கம்பெனிக்காரர்களிடம் பேசினேன். ஒரு பையன், பேச்சு மட்டும் வெண்ணெய், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், வாட்ச்சை ஒருத்தர்தானே யூஸ் பண்றாங்க?" என்றான். பல் தேய்க்கிற பிரஷ்ஷை நாலு பேராகத் தேய்க்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம். ஆனால் ஒன்று, காலையில் மட்டும்தான் இப்படி, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் சரியாகக் காட்டுகிறது, ராத்திரி சரியாகக் காட்டுகிறது, காலையில் அந்த மைதானத்துக்குப் போனால் பேய் பிடித்துவிடுகிறது. கெட்டுப்போன வாட்ச்சுக்கு நேரம் காலம் தெரியுமா. கெட்டுப்போன நெஞ்சுக்குத் தெரியும், நடந்தால்தான் அதற்கு வலிக்கும், மருத்துவரே சொன்னார், உழைக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும் என்று. இல்லை, அப்படி நினைக்காதே. நினைக்காதே என்றால் அதையேதான் நினைக்கிறது.

அப்பாவிடம் மட்டும் தைரியமாகப் பேசிவிட்டேன். அவருக்குப் பயம் வந்தால் அதுவே நெஞ்சைக் கெடுத்துவிடுமே. வாட்ச் சும்மா காட்டுதுப்பா, அதை நம்பாதீங்க, சென்சார் கோளாறு, எத்தனை காட்டினாலும் நீங்க பயப்படாதீங்க, இதையே நாலு நாளும் நாலு விதமாகச் சொன்னேன். அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு நான் இங்கே உட்கார்ந்து, எங்கே உட்கார்ந்தேன், நின்றுகொண்டு, கிண்டியில் கொஞ்சம் கூட்டம் இறங்கும் என்று பார்த்தால் அதைவிட ஏறிவிட்டது, யாரோ ஒருத்தி பையிலிருந்து தக்காளிச் சாதம் வாசம், நூற்று ஐம்பத்து மூன்று. நூற்று ஐம்பத்தெட்டு. இறங்கு. தயவுசெய்து இறங்கு. நூற்று நாற்பத்தாறு. இந்தத் தடவை இறங்கவில்லை. வழக்கமாக ஒன்றிரண்டு நிமிஷத்தில் எழுபதுக்கோ எண்பதுக்கோ வந்துவிடும், இன்று நிற்கிறது. சைதாப்பேட்டை வந்து போயிற்று. நூற்று ஐம்பத்தொன்பது. அடையாற்றைத் தாண்டும்போது சிக்னல் போகும், போய்விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போகவும் இல்லை சரியாகவும் இல்லை. மாம்பலம். இறங்குகிறவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள், என் செருப்பு ஒன்று காலைவிட்டுப் போயிற்று, குனிந்து எடுக்கத் தோன்றாமல் காலாலேயே துழாவிக்கொண்டு நூற்று ஐம்பத்தொன்று, நூற்று அறுபத்திரண்டு. மைதானத்தில் விழுந்துவிட்டாரா. விழுந்தவர் நெஞ்சு இப்படித்தான் ஓடுமா. சுற்றி ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா, யாராவது சோடா வாங்கிக்கொண்டு வருகிறார்களா. போன் சட்டைப்பையில் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. நான் இன்னும் கூப்பிடவே இல்லையே, எனக்குள்தான் அடிக்கிறது. கோடம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் கூப்பிட எனக்குத் தைரியம் வந்தது.

மூன்றாவது மணியில் எடுத்தார். "சொல்லும்மா." குரல் சாதாரணமாக இருந்தது, அதுவே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும், ஆனால் சோடா குடித்த அன்றைக்கும் இந்தக் குரல்தானே. "அப்பா, எங்க இருக்கீங்க?" "டீக்கடைலதாம்மா. பெஞ்சுல உக்காந்துருக்கேன். இன்னைக்கும் செக்கிங்கா? டிக்கெட் எல்லாம் சரியாத்தான் இருக்கு." "நெஞ்சு படபடன்னு இருக்கா?" "இல்லியே." "வேர்க்குதா?" "டீ குடிச்சா வேக்காதா பின்ன?" "வாட்ச் கையில இருக்கா?" டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம். "கட்டிருக்கும்மா." என் போன் காதோடு ஒயரில் மாட்டியிருந்தது, கண்ணுக்கு முன்னால் நூற்று ஐம்பத்தாறு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, நாலு நாளாக ஏன் வரவில்லை என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன், வாட்ச்சைத் துடை, இறுக்கு, மாற்று என்றேனே தவிர, கையைப் பிடித்து எண்ணுங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "அப்பா, நான் சொல்றபடி செய்யுங்க. கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு விரலை வச்சு நாடியைப் பிடிங்க. டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிஷம் எண்ணுங்க." எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, எட்டயபுரம் ரோட்டில் ஆடுகிற பஸ்ஸில், படியில் தொங்குகிறவர்களையும் சேர்த்து ஒரே பார்வையில் தலை எண்ணுகிறவர். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவர் வாய்விட்டு எண்ணுவது என் காதில் விழுகிறது, சீராக, அவசரமில்லாமல், ரயில் நின்றதில் மின்விசிறியும் நின்று பெட்டி முழுக்கப் பூ வாடையும் வேர்வை வாடையும், பதினெட்டு, பத்தொன்பது, கண்ணுக்கு முன்னால் நூற்று அறுபத்து நாலு, காதில் இருபத்தைந்து, இருபத்தாறு. "முப்பத்தாறு," என்றார் அப்பா, "அப்போ எழுபத்திரெண்டு. போதுமா?" எழுபத்திரண்டு. மேலே பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டேன். பூக்கட்டுகிற அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் ஒரு ஓரம் கொடுத்து உட்கார வைத்தாள். "இன்னாம்மா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" "யாருக்கும் இல்லைம்மா. எங்கப்பா நல்லா இருக்காரு." அவளிடம் ஏன் அப்படி வாய்நிறையச் சொன்னேன், முன்பின் தெரியாதவளிடம். அப்பாவிடம், "வாட்ச் கெட்டேதான் போச்சுப்பா, கன்ஃபர்ம், தூக்கி எறிங்க, இனிமே கட்டவே வேணாம்," என்று கத்தினேன், கண்ணில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, சிரிப்பும் வருகிறது, குழாயடியில் முகம் கழுவுகிற மாதிரி ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள், அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. கட்டைக்குரல், மூச்சு வாங்குகிற குரல். "அப்போ வாட்ச்சுதான் கோளாறுங்குதா பாப்பா? நல்லவேளை. நாலு நாளா எனக்கு உசுரே இல்ல வே." அய்யாத்துரை மாமா. அப்பாவுடைய பஸ்ஸில் டிரைவராக இருந்தவர், அப்பாவும் அவரும் ஒரே வண்டியில் இருபது வருஷத்துக்கு மேல், சின்ன வயசில் பள்ளி விடுமுறைக்கு என்னை எஞ்சின் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்துத் திருச்செந்தூர் வரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், சுடுதா தாயீ சுடுதா தாயீ என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அவருக்கு ஏன் உசுரில்லை. எங்கப்பா வாட்ச் கெட்டுப்போனால் அவருக்கு ஏன் நாலு நாளாக உசுரில்லை. "அப்பா," என்றேன். "வாட்ச் யார் கையில இருக்கு?" டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. "அப்பா." "அது ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் பாக்கணும்னு ஆசப்படுதாங்க. எப்பிடி இல்லன்னு சொல்ல. போன வாரம் ஆரம்பிச்சது, ஆளுக்கு ரெண்டு நிமிசம் கட்டிப் பாக்கது, பேப்பர் மாதிரி ஒரு சுத்து சுத்தி வந்துரும். தபாலாபீஸ் பெருமாள், மளிகைக்கடை அண்ணாச்சி, டீ மாஸ்டர்கூட கட்டிப் பாத்துட்டாரு. யாருக்கு எம்புட்டுன்னு ஒரு போட்டி, குறைச்சலா காட்டுதவனுக்கு வடை. நீ கோவிச்சுக்குவன்னுதான் சொல்லல." வடை. நான் இங்கே ஐந்து நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன், அங்கே வடைப் போட்டி. அந்தக் கம்பெனிப் பையன் கேட்டானே, நான் அவனை என்னவெல்லாம் சொன்னேன். எழுபத்திரண்டு அப்பா, ஐம்பத்தெட்டு யாரோ ஒரு பாக்கியசாலி, நூற்று ஐந்து டீ மாஸ்டராக இருக்கும், அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவர். திட்ட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், திட்டு வரவில்லை, அப்பா இல்லை, அப்பா இல்லை, அந்த எண் எங்கப்பா இல்லை என்று மட்டும் உள்ளே ஓடுகிறது, ஒரு குளிர்ச்சி, அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர்ச்சி, மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அய்யாத்துரை மாமா ஞாபகத்திலேயே இல்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நூற்று அறுபத்தேழு.

"இப்ப மாமா கையிலயா இருக்கு?" "ஆமா. ஒரு சுத்து முடிஞ்சதும் மறுபடி வாங்கிக் கட்டிக்கிட்டான், கழட்டித் தரமாட்டேங்கான்." "தினமும் கட்டுவாரா?" "அவன்தான் தினம் கேட்டு வாங்குவான். திங்கக்கிழமை நூத்தம்பதுன்னு காட்டுச்சா, மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் நீ சொன்னேல்லா, வாட்ச் சும்மா காட்டுது, நம்பாதீங்கன்னு, நான் அப்பிடியே அவன்ட்ட சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு டீ அதிகமாக் குடிச்சான்." நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரு சொல் விடாமல் சொல்லியிருப்பார், டிக்கெட்டில் இருக்கிற ஊர்ப் பெயரைப் படிக்கிற மாதிரி. நான் எங்கப்பாவுக்கென்று சொன்ன தைரியத்தை மாமா வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் நாலு நாளாக. துடைத்தது யார் கண்ணாடியை, இறுக்கியது யார் கையில், நான் எதைப் பழுது பார்த்தேன், வாட்ச் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, இதோ இவருக்கு ஓடுகிறது பார் என்று சொல்லியிருக்கிறது, நான்தான் வாயை மூடு, வாயை மூடு என்று அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "அப்பா, மாமா நாடியைப் பிடிங்க. எண்ணுங்க." "வாட்ச்சுதான் கெட்டுப்போச்சுன்னியே." "எண்ணுங்கப்பா!" பூக்காரம்மாளின் கை நாரோடு அப்படியே நின்றது. ஒண்ணு, ரெண்டு, மூணு நாலு, அப்பா தடுமாறினார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார், ஒண்ணு, ரெண்டுமூணு, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு நாலஞ்சாறு என்று ஒரே மூச்சில். "எண்ண முடியலம்மா," என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "ஓடுது. நிக்குது. மறுபடி ஓடுது. ஒரு கணக்குல வரமாட்டேங்குது."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இப்போதே, ஆட்டோவில், என்று நான் சொல்ல, அப்பா அதை அவரிடம் சொல்ல, அவர் மறுக்கிறார், எல்லாம் எனக்குக் கேட்கிறது. "வாய்வுதாம் வே. ராத்திரி பருப்பு சேத்துக்கிட்டேன்." கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "மாமா, நான் செம்பகம். வாட்ச் சரியாத்தான் இருக்கு. நான் சொன்னதுதான் தப்பு." "நீதான தாயீ கோளாறுன்ன, இப்பம்கூடச் சொன்ன, தூக்கி எறியச் சொன்ன." "தப்பாச் சொல்லிட்டேன் மாமா." "படிச்ச பிள்ள ரெண்டு விதமாச் சொன்னா நான் எத எடுத்துக்க?" மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அவருக்கு எதை எடுத்துக்கொள்ள ஆசை என்று எனக்குத் தெரியாதா, எனக்கும் அதைத்தானே எடுத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. "கொஞ்சம் இருந்து பாக்கேன். வெயில் ஏறுனா சரியாயிரும்." நூற்று எழுபத்தொன்று. இருநூறு மைல் என்றாலும் ஓடிப் போய்விடலாம், இது அதற்கும் மேலே, நான் ஒரு ரயிலுக்குள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன். அப்போது அப்பாவுடைய குரல் போனுக்குத் தள்ளி, உயரமாகக் கேட்டது, எழுந்து நின்றுவிட்டார் போல. "ஏலே அய்யாத்துரை. இத்தன வருசமா நான் விசிலடிச்சா என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கியா? பின்னால என்ன நடக்குன்னு உனக்குத் தெரியுமா? நான் அடிச்சா எடுப்ப, அடிச்சா நிறுத்துவ. இப்பம் சொல்லுதேன், எந்திரி." அப்புறம் பெஞ்சு கிறீச்சிட்டது. அய்யாத்துரை மாமா ஏதோ முணுமுணுத்தார், அப்பா, "வேட்டி மாத்துதத அப்புறம் பாத்துக்கிடலாம், ஏறு," என்றார். யாரோ ஆட்டோவை உதைத்துக் கிளப்பினார்கள்.

நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், எல்லாம் வந்து போயிருக்க வேண்டும். அழைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன், காற்று இரைச்சல், ஆரன், ஒரு மேடு ஏறி இறங்குகிற தடக், நடுநடுவே அப்பா, "இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு." நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாற்பது, நூற்று எழுபத்தைந்து. இத்தனை நாள் இந்த எண்ணை இறங்கு இறங்கு என்று திட்டியவள் இப்போது அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை, எதையாவது காட்டிக்கொண்டிரு, எத்தனையாக இருந்தாலும் சரி, காட்டிக்கொண்டே இரு. பூக்காரம்மாள் பூங்கா நிலையத்தில் இறங்கும்போது என் தோளில் கை வைத்து, "உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதும்மா," என்றாள். எங்கப்பா இல்லைம்மா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. கோட்டையில் நான் இறங்க வேண்டும், இறங்கவில்லை. கடற்கரையில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், காலிப் பெட்டி, தரையில் நசுங்கின பூக்காம்பு, எங்கோ போன என் செருப்பு எதிர் இருக்கைக்கு அடியில் கிடந்தது. போனில் எண் போய்விட்டது. வாட்ச்சைக் கழற்றி ஏதோ பெரிய மிஷினை மாட்டியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார், அந்த மிஷினும் நூற்று அறுபதுக்கு மேலேதான் சொல்கிறது என்றார். பிறகு வேறொரு குரல், பெண் குரல், அவசரம், ஆனால் பொறுமை. "நான் டியூட்டி டாக்டர் பேசறேன். நீங்க பேஷண்ட்டோட பொண்ணா?" "இல்ல டாக்டர். அவர் ஃப்ரெண்டோட பொண்ணு." "உங்களுக்குத்தான் தெரியும்னு இவர் சொல்றார். இந்தப் படபடப்பு எப்ப ஆரம்பிச்சுது? இன்னைக்குக் காலைலன்னு பேஷண்ட் சொல்றார். இன்னைக்குத்தான்னா உடனே கரண்ட் வச்சு சரி பண்ணிடலாம். ரெண்டு நாளைக்கு மேலன்னா அப்படிச் செஞ்சா ஆபத்து, இதயத்துக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும், அது கிளம்பி மூளைக்குப் போயிடும், முதல்ல மருந்து கொடுக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது. திங்கள் நூற்று ஐம்பத்தைந்து, செவ்வாய் நூற்று அறுபது, புதன், வியாழன், என் ஒருத்தியிடம்தான் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் அது பொய் என்று நானே சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமாவுக்கும் கேட்கலாம். தாம்பரம் போகிற கூட்டம் பெட்டிக்குள் ஏறத் தொடங்கிவிட்டது, யாரோ என் மடியிலிருந்த பையைத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து, டாக்டர்," என்றேன். "அஞ்சு நாளா. எனக்குத் தெரியும்."